பட்டாம்பூச்சிக்கு ஜாதகம் எழுதிய அம்மையார்

கறிவேப்பிலைச் செடியில் பச்சைப் புழு ஒன்று ஊர்ந்தால் நாம் என்ன செய்கிறோம்? முகத்தைச் சுளித்துக்கொண்டு குச்சியால் தட்டிவிடுகிறோம். அதே செடியைச் சுற்றி ஒரு பட்டாம்பூச்சி பறந்தால், குழந்தையைக் கூப்பிட்டு ஆசையோடு காட்டுகிறோம்.

தட்டிவிட்ட புழுவை விட்டுவைத்திருந்தால், அதுவும் ஒரு நாள் அப்படித்தான் பறந்திருக்கும்!

இன்று இது ஆரம்பப் பள்ளிக்கூடத்துப் பாடம். ஆனால் 350 ஆண்டுகளுக்கு முன் ஐரோப்பாவில் இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி அல்ல. சேற்றிலிருந்தும் குப்பையிலிருந்தும் புழுக்கள் தாமாகவே உண்டாகின்றன என்று படித்தவர்களே நம்பினார்கள். அழுகிய இறைச்சியிலிருந்து ஈ பிறக்கிறது என்றார்கள். பூச்சிகள் சாத்தானுக்குச் சொந்தம் என்று அருவருத்தவர்களும் உண்டு.

அந்தக் காலத்தில் ஒரு பெண், புழுக்களைப் பிடித்து வந்து வீட்டில் வளர்த்தார். அவை எதைத் தின்றன, எந்த நாளில் கூடு கட்டின, எந்த நாளில் சிறகு விரித்தன என்று எழுதி வைத்தார். சிறு வயதில் தொடங்கிய இந்த வேலையை முதுமை வரையில் விடவில்லை.

அவர் பெயர் மரியா சிபில்லா மெரியன்.

அச்சுக்கூடத்தில் பிறந்த குழந்தை

ஜெர்மனியில் பிராங்க்பர்ட் என்று ஒரு நகரம். மெயின் நதிக்கரையில் இருக்கிறது. அங்கே 1647-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி மரியா பிறந்தாள். தந்தை மத்தேயு மெரியன் பெயர் பெற்ற சித்திரக்காரர். செப்புத் தகட்டில் படம் செதுக்கிப் புத்தகம் அச்சிட்டு விற்பது அவர் தொழில்.

குழந்தைக்கு 3 வயது ஆனபோது தந்தை இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு தாய் மறுமணம் செய்துகொண்டார். மாற்றாந்தந்தை யாக்கோப் மாரெலும் ஓவியர்தான். பூக்களை வரைவதில் வல்லவர். அவர் மரியாவைத் தம் மகளைப் போலவே பார்த்துக்கொண்டார். வண்ணம் அரைக்கவும் தூரிகை பிடிக்கவும் கற்றுக் கொடுத்தார்.

அக்காலத்துப் பூ ஓவியங்களில் ஓர் ஓரத்தில் ஒரு வண்டோ, பட்டாம்பூச்சியோ இருக்கும். அழகுக்காக வரைவார்கள். மரியாவுக்கு அந்த ஓரத்துப் பூச்சியின் மேல்தான் கண் போயிற்று. அது எங்கிருந்து வந்தது? முன்பு எப்படி இருந்தது? இந்தக் கேள்விகள் அவளை விடவில்லை.

பெட்டிக்குள் அதிசயம்

13 வயதில் அவள் பட்டுப்புழு வளர்க்கத் தொடங்கினாள். முசுக்கட்டை இலையைத் தின்று புழு பெருத்தது. தன்னைச் சுற்றி நூல் நூற்றுக் கூடு கட்டிக்கொண்டது. சில நாட்கள் அசைவே இல்லை. பிறகு கூட்டைத் துளைத்துக்கொண்டு வெள்ளைச் சிறகுடன் அந்துப்பூச்சி ஒன்று வெளியே வந்தது.

பட்டுப்புழு இப்படி மாறுவது பட்டுத் தொழில் செய்பவர்களுக்குத் தெரிந்ததுதான். மரியா அதோடு நிற்கவில்லை. தோட்டத்திலும் வேலியிலும் ஊரும் மற்றப் புழுக்களும் இப்படித்தானா என்று பார்க்க விரும்பினாள். கையில் அகப்பட்ட புழுக்களையெல்லாம் கொண்டுவந்து பெட்டிகளில் வைத்தாள்.

இது சுலபமான வேலை அல்ல. புழு எந்தச் செடியில் இருந்ததோ, அந்தச் செடியின் இலையைத் தினமும் புதிதாகப் பறித்துப் போட வேண்டும். வேறு இலை போட்டால் பல புழுக்கள் தொடுவதில்லை. பட்டினி கிடந்து செத்துப் போகும்.

இதிலிருந்து அவள் ஓர் உண்மையைக் கண்டுகொண்டாள். ஒவ்வொரு பூச்சிக்கும் தனக்கென்று உணவுச் செடி உண்டு. சில புழுக்கள் ஒரே ஒரு வகைச் செடியைத்தான் தின்னும். அந்தச் செடி இல்லாத இடத்தில் அந்தப் பட்டாம்பூச்சியும் இல்லை.

ஜாதகக் குறிப்பு

மரியா ஒரு குறிப்பேடு வைத்துக்கொண்டாள். சிறு தோல்தாளில் புழு, கூடு, பறக்கும் பூச்சி மூன்றையும் உயிரோடு பார்த்தபடியே வரைவாள். அவற்றுக்கு எண் கொடுப்பாள். பக்கத்தில் குறிப்பு எழுதுவாள். புழு எந்தச் செடியில் கிடைத்தது, அதன் நிறம் என்ன, கூட்டுக்குள் எத்தனை நாள் இருந்தது, எப்போது வெளிவந்தது என்று எல்லாம் அதில் இருக்கும்.

குழந்தை பிறந்தால் நாளும் நேரமும் பார்த்து ஜாதகம் எழுதுவார்கள் அல்லவா? மரியா பட்டாம்பூச்சிக்கு ஜாதகம் எழுதினாள். ஜோசியம் பார்ப்பதற்கு அல்ல. உள்ளதை உள்ளபடி தெரிந்துகொள்வதற்கு.

சில நேரம் ஏமாற்றமும் உண்டு. பட்டாம்பூச்சிக்காகக் காத்திருப்பாள். கூட்டிலிருந்து ஈக்கள் கூட்டமாக வெளிவரும். அதையும் மறைக்காமல் எழுதி வைத்தாள். புழுவின் உடலுக்குள் வளர்ந்து அதைத் தின்று வெளிவரும் ஒட்டுண்ணிகள் அவை என்பது பிற்காலத்தில் தெளிவாயிற்று. காரணம் விளங்காவிட்டாலும், கண்டதை எழுத வேண்டும் என்பது அவள் வழக்கம்.

தாய்மொழியில் ஒரு புத்தகம்

1665-ல் யோகான் கிராப் என்ற ஓவியரை மரியா மணந்தார். மூத்த மகள் யோகன்னா 1668-ல் பிறந்தாள். 1670-ல் குடும்பம் கணவரின் ஊரான நியூரம்பர்க் நகருக்குக் குடிபெயர்ந்தது. இளைய மகள் டொரதியா 1678-ல் பிறந்தாள்.

வீட்டு வேலை, பிள்ளை வளர்ப்பு, இவற்றோடு வருமானத்துக்கும் வழி தேட வேண்டியிருந்தது. அம்மையார் வண்ணங்கள் தயாரித்து விற்றார். செல்வர் வீட்டுப் பெண்களுக்குச் சித்திரமும் பூவேலையும் கற்றுக் கொடுத்தார். அதனால் வேறொரு நன்மையும் கிடைத்தது. அந்த வீடுகளின் தோட்டக் கதவுகள் அவருக்குத் திறந்தன. புழுப் பைத்தியம் பிடித்த இந்த அம்மாளைப் பற்றித் தெரிந்துகொண்ட தோழிகள், தாங்கள் கண்ட விசித்திரப் புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இப்படிப் பல வீட்டுத் தோட்டங்களின் செய்திகள் ஒரே குறிப்பேட்டில் சேர்ந்தன.

1679-ல் அவருடைய புழுப் புத்தகத்தின் முதல் பாகம் வெளிவந்தது. அதில் 50 படங்கள். செப்புத் தகட்டில் அவரே செதுக்கியவை. 1683-ல் இரண்டாம் பாகம் வந்தது. அதிலும் 50 படங்கள். ஒவ்வொரு படத்தின் நடுவிலும் ஒரு செடி இருக்கும். அதன் இலையில் புழு, கிளையில் கூடு, மேலே சிறகு விரித்த பூச்சி. ஒரு பூச்சியின் வாழ்க்கை முழுவதும் ஒரே பக்கத்தில்!

அக்காலத்து அறிஞர்கள் பலர் லத்தீன் மொழியில் எழுதினார்கள். சாதாரண மக்களுக்கு அது புரியாது. மெரியன் அம்மையார் தம் தாய்மொழியான ஜெர்மனில் எழுதினார். தோட்டக்காரரும் ஓவியரும் படிக்கலாம். இல்லத்தரசியும் படிக்கலாம். படத்தைப் பார்த்துவிட்டுக் கொல்லையில் போய்த் தேடிப் பார்க்கலாம்.

அதே காலத்தில் வேறு சிலரும் இத்துறையில் உழைத்தார்கள். 1668-ல் இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர், மூடி வைத்த இறைச்சியில் புழு உண்டாவதில்லை என்று சோதனை செய்து காட்டினார். 1669-ல் ஹாலந்தில் சுவாமர்டாம் என்பவர் பூச்சிகளை அறுத்துப் பார்த்து எழுதினார். ஆனால் பூச்சியையும் அது தின்னும் செடியையும் சேர்த்துப் பார்ப்பதில் அம்மையார் முன்னோடியாக இருந்தார்.

வீட்டை விட்டு வெளியேறினார்

மாற்றாந்தந்தை 1681-ல் இறந்தார். தாய்க்குத் துணையாக அம்மையார் பிராங்க்பர்ட் திரும்பினார். கணவருடன் வாழ்ந்த வாழ்க்கை கசந்துவிட்டது. சில ஆண்டுகளில் தாயையும் இரு மகள்களையும் அழைத்துக்கொண்டு ஹாலந்து நாட்டின் வடபகுதிக்குப் போனார். அங்கே வீவெர்ட் என்ற ஊரில் லபாடி மதப்பிரிவினர் ஒரு மாளிகையில் கூட்டாக வாழ்ந்து வந்தார்கள். சொந்தச் சொத்து கூடாது, ஆடம்பரம் கூடாது என்பது அவர்கள் விதி. கணவர் தேடி வந்து அழைத்தார். அம்மையார் போகவில்லை. பின்னர் மணமுறிவு ஏற்பட்டது.

அந்த மாளிகை, சுரினாம் நாட்டின் கவர்னர் குடும்பத்துக்குச் சொந்தமானது. சுரினாம் என்பது தென் அமெரிக்காவின் வடகரையில் டச்சுக்காரர்கள் பிடித்து வைத்திருந்த நாடு. அங்கிருந்து வந்த பூச்சிகளை அம்மையார் முதலில் பார்த்தது அந்த மாளிகையில்தான்.

1690-ல் தாய் காலமானார். அடுத்த ஆண்டு மகள்களுடன் அம்மையார் ஆம்ஸ்டர்டாம் நகருக்குப் போனார். படம் வரைந்து விற்றுப் பிழைத்தார். மகள்களும் தாய்க்கு இணையாகத் தூரிகை பிடித்தார்கள்.

செத்த பூச்சி போதாது

ஆம்ஸ்டர்டாம் பெரிய துறைமுகம். தூர தேசங்களிலிருந்து கப்பல் கப்பலாகச் சரக்கு வந்து இறங்கும். செல்வர்கள் அரிய பொருள்களை வாங்கி வீட்டில் காட்சிக்கு வைப்பார்கள். அங்கே கண்ணாடிக்குக் கீழே வரிசை வரிசையாகப் பட்டாம்பூச்சிகள்! கையகலச் சிறகுகள்! நீலமாக மின்னும் நிறங்கள்!

எல்லோரும் வியந்தார்கள். அம்மையாருக்கு மட்டும் மனம் நிறையவில்லை. இவை எந்தச் செடியைத் தின்றன? இவற்றின் புழு எப்படி இருக்கும்? யாருக்கும் தெரியவில்லை. ஊசி குத்திய பூச்சிக்கு நிறம் இருந்தது. வாழ்க்கை வரலாறு இல்லை.

அப்படியானால் நேரில் போய்ப் பார்க்க வேண்டியதுதான் என்று அவர் முடிவு செய்தார்.

அப்போது அவருக்கு வயது 52. பணம் கொடுத்து அனுப்ப ராஜாவும் இல்லை, சங்கமும் இல்லை. 1699 பிப்ரவரியில் தாம் தீட்டிய 255 ஓவியங்களை விற்பனைக்கு விட்டார். உயில் எழுதி வைத்தார். ஜூன் மாதம் இளைய மகள் டொரதியாவை அழைத்துக்கொண்டு பாய்மரக் கப்பலில் ஏறினார். திரும்பி வருவது நிச்சயம் இல்லாத பயணம் அது. வாணிகத்துக்கோ மதப் பிரசாரத்துக்கோ இல்லாமல், புழுவையும் பூச்சியையும் பார்ப்பதற்காகவே கடல் கடந்து போவது அன்று யாரும் கேட்டறியாத செயல்.

கரும்பு ஒன்றே குறி

இரண்டு மாதத்துக்கு மேல் கடலில் போனபின் கப்பல் சுரினாம் சேர்ந்தது. தலைநகர் பரமாரிபோவில் தாயும் மகளும் வீடு எடுத்துத் தங்கினார்கள்.

அங்கே குடியேறியிருந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான். கரும்பு! ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வந்த அடிமைகளை வதைத்துக் கரும்புத் தோட்டங்களை நடத்தினார்கள். சர்க்கரையைத் தவிர வேறு எதையாவது தேடி ஒருவர் இந்த நாட்டுக்கு வருவாரா என்று அம்மையாரைக் கேலி செய்தார்கள்.

அம்மையார் காதில் வாங்கவில்லை. தோட்டத்திலும் காட்டிலும் அலைந்தார். படகில் ஏறி ஆற்றின் வழியே உள்நாட்டுக்கும் போனார். காடு அடர்ந்திருந்ததால் கோடரியால் வெட்டி வழி உண்டாக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருந்தது. வெயில் தகித்தது. மழை கொட்டியது. பிடித்து வந்த புழுக்களை வீட்டில் வைத்து, பழைய வழக்கப்படி வளர்த்தார், வரைந்தார், எழுதினார்.

ஆம்ஸ்டர்டாமில் கண்ணாடிக்குள் பார்த்த நீலப் பட்டாம்பூச்சி இங்கே உயிரோடு பறந்தது. அதன் சிறகை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தார். கூரையில் ஓடு வேய்ந்ததுபோல் நீலச் செதில்கள் ஒழுங்காக அடுக்கியிருந்தன.

மயில்கொன்றையின் கதை

காட்டில் எங்கே எது கிடைக்கும் என்று அவருக்குக் காட்டியவர்கள் அந்நாட்டுப் பழங்குடி மக்களும், கறுப்பின அடிமைகளும்தான். புழுக்களைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவர்கள். செடியின் குணம் சொன்னவர்களும் அவர்களே. தோட்ட முதலாளிகள் ஒரு நாளும் அவர்களிடம் எதையும் கேட்டறிந்தது இல்லை. அம்மையார் கேட்டார். கேட்டதைப் புத்தகத்தில் எழுதினார்.

நம் ஊர் வீட்டு வாசல்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றையை எல்லோரும் அறிவோம். அந்தச் செடி சுரினாமிலும் உண்டு. அதன் மேல் ஒரு புழுவைக் கண்டு அம்மையார் படம் வரைந்தார். அப்போது அடிமைப் பெண்கள் அந்தச் செடியைப் பற்றி ஒரு செய்தி சொன்னார்கள்.

அதன் விதையைக் கொண்டு அவர்கள் கருவைக் கலைத்துக்கொள்வார்களாம். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. தாங்கள் படும் கொடுமை தங்கள் குழந்தைக்கு வேண்டாம் என்று அந்தத் தாய்மார்கள் அப்படிச் செய்தார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டார்கள். செத்தால் தங்கள் சொந்த நாட்டில் சுதந்திரமாகப் பிறப்போம் என்பது அவர்கள் நம்பிக்கை. இதை அவர்கள் வாயாலேயே கேட்டதாக அம்மையார் எழுதியிருக்கிறார்.

புழுவைப் பற்றி எழுத வந்த புத்தகத்தில், பூவின் படத்துக்குப் பக்கத்தில், இந்தத் துயரக் கதையும் இடம் பெற்றது.

அம்மையாரும் குறையற்றவர் அல்லர். காட்டில் அவருக்கு வழி வெட்டியவர்களும், வீட்டில் வேலை செய்தவர்களும் அடிமைகளே. அவர்களிடம் கேட்டறிந்ததை மறைக்காமல் எழுதிய அவர், அவர்களுடைய பெயர்களை எழுதவில்லை. அந்தப் பெண்களின் பெயர்கள் இன்று உலகத்துக்குத் தெரியாமல் போய்விட்டன.

நோயோடு திரும்பினார்

சுரினாம் வெப்பம் அம்மையாரின் உடலை வாட்டியது. கடும் நோய் கண்டது. இன்னும் பல காலம் இருக்க நினைத்தவர், இரண்டு ஆண்டு நிறைவதற்குள் புறப்பட வேண்டியதாயிற்று. 1701 ஜூனில் கப்பல் ஏறினார். தட்டையாக அழுத்திய பட்டாம்பூச்சிகளும், சாராயத்தில் ஊறவைத்த உயிரினங்களும், தோல்தாள் ஓவியங்களும் அவருடன் வந்தன. சுரினாம் பழங்குடிப் பெண் ஒருத்தியும் அவருடன் ஆம்ஸ்டர்டாம் வந்தாள்.

1705-ல் சுரினாம் பூச்சிகள் பற்றிய புத்தகம் வெளிவந்தது. பெரிய அளவில் 60 படங்கள். டச்சு மொழியில் ஒரு பதிப்பு. லத்தீனில் ஒரு பதிப்பு. செலவுக்குப் பணம் போதாமல், முன்பணம் கட்டுவோரைச் சேர்த்து வெளியிட்டார். அன்னாசி, வாழை, கொய்யா, பப்பாளி, பருத்தி என்று செடிகளும், அவற்றில் வாழும் பூச்சிகளும் அதில் இருந்தன. ஐரோப்பா வியந்து பார்த்தது.

1715-ல் அம்மையாரைப் பக்கவாதம் தாக்கியது. 1717 ஜனவரி 13-ந் தேதி ஆம்ஸ்டர்டாமில் அவர் காலமானார். வயது 69. புழுப் புத்தகத்தின் மூன்றாம் பாகத்தை மகள் டொரதியா அதே ஆண்டில் வெளியிட்டாள்.

பொய் என்றார்கள்

பின்னாளில் சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் உயிரினங்களுக்குப் பெயர் சூட்டியபோது, அம்மையாரின் படங்களைப் பார்த்துப் பல பூச்சிகளுக்குப் பெயர் வைத்தார்.

ஆனால் 19-ம் நூற்றாண்டில் சிலர் அவரைப் பழித்தார்கள். கொய்யா மரத்தில் ஒரு பெரிய சிலந்தி சிறு பறவையைப் பிடித்துத் தின்பதாக அவர் ஒரு படம் வரைந்திருந்தார். சிலந்தியாவது, பறவையைத் தின்பதாவது என்று நகைத்தார்கள்.

அமேசான் காட்டில் பல ஆண்டுகள் சுற்றிய ஆங்கில ஆராய்ச்சியாளர் ஹென்றி பேட்ஸ், 1863-ல் தம் நூலை வெளியிட்டார். பெரிய சிலந்தி ஒன்று சிறு பறவைகளைப் பிடித்திருந்ததைத் தாமே கண்டதாக அதில் எழுதினார். ஏளனம் அடங்கியது.

அம்மையார் எழுதிய எல்லாமே சரி என்று சொல்லிவிட முடியாது. ஒரு வகைப் பூச்சி இரவில் விளக்குப்போல் ஒளிவிடும் என்று எழுதினார். அது தவறு. சில படங்களில் ஒரு பூச்சியின் புழுவை வேறொரு பூச்சியோடு சேர்த்துவிட்டார். ஆனால் நாளும் செடியும் குறித்து எழுதும் முறையை அவர் விட்டுச் சென்றார். அந்த முறையால்தான் பின்வந்தவர்கள் அவர் தவறுகளையும் திருத்த முடிந்தது.

குறிப்பேடு எங்கே?

அம்மையார் இறந்த சமயத்தில், ரஷ்யச் சக்கரவர்த்தி மகா பீட்டருக்காக அவருடைய ஓவியங்களையும் குறிப்பேட்டையும் விலைக்கு வாங்கினார்கள். 13 வயதில் பார்த்த பட்டுப்புழு முதல் சுரினாம் பட்டாம்பூச்சி வரையில் எல்லாம் அடங்கிய அந்தக் குறிப்பேடு செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் போய்ச் சேர்ந்தது. 1976-ல் அது அச்சிட்டு வெளியிடப்பட்டது. 1990-களில் ஜெர்மனி தன் 500 மார்க் நோட்டில் அம்மையாரின் படத்தை அச்சிட்டது.

குறிப்பேடு அச்சான அதே 1976-ல் பிரிட்டனில் ஒரு புதிய வேலை தொடங்கியது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையில், வாரம் ஒரு முறை, குறித்த ஒரே பாதையில் நடந்து, கண்ணில் பட்ட பட்டாம்பூச்சிகளை எண்ணி எழுதுவது. எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் அல்லர். சம்பளம் வாங்காமல் வரும் சாதாரண மக்கள். அவர்கள் எழுதிய கணக்கிலிருந்து எந்தப் பட்டாம்பூச்சி பெருகுகிறது, எது குறைகிறது என்று தெரிகிறது. பின்னர் வேறு பல நாடுகளிலும் மக்கள் இவ்வாறு எழுதத் தொடங்கினார்கள்.

அதற்கு வேண்டியவை ஒரு நோட்டும், ஒரு பென்சிலும், பொறுமையும்தான். பிராங்க்பர்ட் நகரத்துச் சிறுமியிடம் இருந்தவையும் அவைதான்.